முத்திரையில் இருபது

உள்பக்கம் பத்தொன்பது புள்ளி ஒன்று, வெளிப்பக்கம் பதினெட்டு ஒன்பது என்று வாயைத் திறக்காமல் சொல்லிக்கொண்டே தணிகாசலம் ராடின் இடது முனையில் இரண்டாவது பிளேட்டை ஏற்றினார். இரண்டிலும் பொறித்திருந்தது இருபது கிலோதான். லாக்கைத் திருகி இறுக்கிவிட்டு, ராடின் முனையைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனார், ஏழு எட்டு வைக்க வேண்டும். தாண்டினால் ஒரே எட்டு, ஆனால் எடை தூக்குகிறவன் ராடைத் தாண்டமாட்டான், காலடியில் கிடந்தாலும் அதற்கு ஒரு மரியாதை உண்டு, நாற்பத்தைந்து வருஷத்தில் அவர் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. வலப்பக்கத்துக்குப் பதினெட்டு எட்டும் பத்தொன்பது இரண்டும். இந்தப் பக்கமும் முப்பத்தெட்டு, அந்தப் பக்கமும் முப்பத்தெட்டு. ராடு மட்டும்தான் இந்த ஜிம்மில் பொய் சொல்லாத பொருள், இருபது என்றால் இருபது. ஆக, பார்க்கிறவனுக்கு நூறு கிலோ, பூமிக்குத் தொண்ணூற்றாறு. வாணியம்பாடியில் தோல் மண்டியாக இருந்த இந்தக் கூடத்தைச் சாதிக் ஜிம்மாக மாற்றியபோது பிளேட்டுகளை உள்ளூர் வார்ப்படப் பட்டறையில்தான் ஊற்றி வாங்கினான், மணல் அச்சில் ஊற்றுகிற இரும்பு ஒன்றுபோல ஒன்று வராது, ஆனால் மேலே எழுத்து மட்டும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வந்துவிடும். துரு தேய்த்துப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று சாதிக்கிடம் சொல்லி, நான்கு நான்காக மொபெட்டில் வைத்துக் காயலான் கடைத் தராசுக்குக் கொண்டுபோய், இருபத்திரண்டு பிளேட்டையும் நிறுத்தது சாதிக்குக்குத் தெரியாது. எது எவ்வளவு என்பது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. தணிகாசலத்தின் தலைக்குள் இருக்கிறது, விளிம்பில் உள்ள ஒரு சொட்டை, ஒரு பெயிண்ட் வழிசல், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். "ஆச்சாடா?" என்றான் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்த ஏகாம்பரம். "ஆச்சு" என்றார். நீ என்றும் சொல்வதில்லை, நீங்கள் என்றும் சொல்வதில்லை, நாலு மாதமாக ஆச்சு, தூக்கலாம், இறக்கலாம் என்று ஆளில்லாத வார்த்தைகளிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார், அந்த ஆள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஏகாம்பரம் வந்து நின்றான். கணைக்கால் ராடைத் தொடுகிற மாதிரி நின்று, குனிந்து, பிடித்து, வயிறு நிறையக் காற்றை இழுத்துப் பெல்ட்டை முட்டவைத்து, எழுந்தான். தணிகாசலம் முகத்தைப் பார்க்கவில்லை, தொடையைப் பார்த்தார். கால் தரையைத் தள்ளுகிறது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள், தசைக்குத் தள்ளத் தெரியாது, சுருங்க மட்டும்தான் தெரியும், முன்தொடை சுருங்கி முழங்காலை நிமிர்த்தும், பிட்டமும் பின்தொடையும் சுருங்கி இடுப்பை முன்னால் கொண்டுவரும், முதுகு அசையாமல் விறைத்து நிற்கும், அசையாமல் நிற்பதுதான் முதுகின் வேலை, இருக்கிற வேலையிலேயே அதுதான் கடினம். எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு இதெல்லாம் கை உடைந்த பிறகு வந்த படிப்பு, எலும்பு ஆஸ்பத்திரி வராந்தாவில் தொங்கிய படத்தைப் பதினொரு மாதம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், ஒவ்வொரு நாரும் எங்கே தொடங்கி எங்கே ஒட்டுகிறது என்று மனப்பாடம். புதிதாக எடை தூக்குகிறவனுக்கு முதல் ஆறு வாரம் நரம்புதான் கற்றுக்கொள்ளும், தூங்கிக்கொண்டிருந்த நார்களை ஒவ்வொன்றாக எழுப்பி வேலைக்குக் கூப்பிடும், தசை பருப்பதெல்லாம் அதற்கப்புறம். நரம்புக்கும் எழுத்துத் தெரியாது, தசைக்கும் தெரியாது. தாங்கியது எவ்வளவோ அதை மட்டும் வைத்துக்கொள்ளும். இவன் உடம்பு நாலு மாதமாக வைத்துக்கொண்டது வேறு, இவன் வாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது வேறு, இரண்டுக்கும் நடுவே ஐந்து கிலோ இருக்கிறது, அந்த ஐந்து கிலோவைத் தணிகாசலம் கையால் செய்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மாவட்டப் போட்டி. அங்கே வரும் பிளேட்டுகள் சென்னையிலிருந்து வருகின்றன, ஐம்பது கிராம் பிசகாது. முதல் தூக்கே நூற்றிருபது என்று ஏகாம்பரம் சொல்லிவிட்டான், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று படிவத்தை நிரப்பக் கொடுத்தது தணிகாசலத்திடம், நூற்றிருபது என்று இவர் கையெழுத்தில்தான் இருக்கிறது, பாலிதீன் உறைக்குள் இவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது, நாளைக்குச் சாதிக்கிடம் கொடுத்தால் போதும். தூக்க ஆரம்பித்த பிறகு எடையை ஏற்றலாம், இறக்க முடியாது, அதுதான் விதி. மூன்று முறை குனிவான், மூன்று முறையும் ராடு முழங்காலுக்குக் கீழே நின்று நடுங்கும், தூக்கவில்லை என்று மூன்று சிவப்பு விளக்கு, மூன்று முறை. கணக்கில் அவன் பெயருக்கு நேரே ஒன்றும் இருக்காது.

"நூறு சும்மா பஞ்சு மாதிரி இருக்குடா" என்று ராடை இறக்கிவிட்டுப் பெஞ்சுக்கு வந்தான் ஏகாம்பரம். "சாதிக் பாய், இவன் மட்டும் அன்னிக்குக் கை போகாம இருந்தான்னு வையி, என்னைவிட நல்லா தூக்குவான். பாவம்." கல்லாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த சாதிக் தலையை ஆட்டினான், இருபதாவது தடவையாகக் கேட்கிறான். பாவம். மூன்று நிமிஷ ஓய்வு, நூற்றெண்பது எண்ண வேண்டும், தணிகாசலம் எண்ணிக்கொண்டிருந்தார், முப்பத்தொன்று முப்பத்திரண்டு, பாவம், அந்த வார்த்தை முப்பத்துமூன்றில் வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது. வேலூரில் ஒரு பள்ளிக்கூட மைதானம், எண்பத்தைந்தாம் வருஷம், வைகாசி வெயில். ஓர் ஆலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஓர் ஆள், எட்டுப் பேர் போட்டி, கடைசியில் இரண்டு பேர், இவரும் ஏகாம்பரமும், ஒரே சைக்கிளில் பஸ் ஸ்டாண்டு வரை டபுள்ஸ் போய், ஒரே இலையில் இட்லியைப் பிட்டுத் தின்றுவிட்டு வந்த இரண்டு பேர். ஆள் போதவில்லை என்று தூக்காமல் காத்திருக்கிறவனே மற்றவனுக்கு பிளேட் மாட்ட வேண்டும் என்றார்கள். இடப்பக்கம் ஆலையின் பியூன், வலப்பக்கம் ஏகாம்பரம். நூற்றுப் பத்து, பக்கத்துக்கு இருபது பதினைந்து பத்து. தோளுக்கு வந்தது. தோளிலிருந்து தலைக்கு மேல் போகும்போதுதான் வலப்பக்கம் வேறு ஏதோ ஒன்று தொங்குவதுபோல, யாரோ பிடித்து இழுப்பதுபோல, முழங்கை பூட்டிக்கொள்ளப் போன அந்த நொடியில் சாய்ந்தது, ஒரு சத்தம், கரும்பை முறித்தால் வருகிற சத்தம், அது தன் கையிலிருந்து வந்தது என்று தெரிய இரண்டு நொடி. அந்த முழங்கை இன்றுவரை முழுசாக நீளாது. ஏகாம்பரத்துக்கு ஆலை, குவார்ட்டர்ஸ், முப்பத்தைந்து வருஷம், பென்ஷன். இவருக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி எடைமேடை, முப்பத்தொரு வருஷம், காலி வண்டி எடை, பார வண்டி எடை, கழித்தால் சரக்கு, ஒருநாளும் பிசகியதில்லை. அவ்வளவு வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பி வந்தவன், இந்த ஜிம்முக்குள் நுழைந்த முதல் நாளே ஓடிவந்து கட்டிக்கொண்டு, தணிகா, நீயாடா, இன்னும் விடலியா என்றான். வியர்வை நாற்றம் அதே நாற்றம். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு. எண்ணிக்கை விட்டுப்போகவில்லை, அது தானாக ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நூற்றுப் பத்துக்குப் பக்கத்துக்கு ஒரு ஐந்து கிலோ. அதை மாட்டும்போது ஒவ்வொரு முறையும் நிற்கிற இடத்தில் மனம் மறுபடி நின்றது. நூற்றுப் பத்து. அன்றைக்கும் அதே எடை. கீழே போட்ட பிறகு அதிகாரி வந்து ராடை எண்ணினார், இவர் மண்ணில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார், வலம் இருபது பதினைந்து பத்து, இடம் இருபது பதினைந்து பத்து, சரியாகத்தான் இருக்கிறது, பையன் பேலன்ஸ் தவறிவிட்டான் என்றார். சரியாக இருந்ததென்றால் ஏகாம்பரம் மாற்றியிருக்கிறான். பதினைந்துக்குப் பதில் இருபதை மாட்டியிருக்கிறான், எல்லாரும் இவரைச் சுற்றிக் கூடிய நேரத்தில் லாக்கைக் கழற்றிப் பழையபடி ஆக்கியிருக்கிறான். அது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று இதே ஜிம்மில் ஆளில்லாத மத்தியானம் ஒன்றில் செய்து பார்த்தார், பத்தை எடுத்து, இருபதை எடுத்து, பதினைந்தை மாட்டி, பத்தை மாட்டி, லாக், இருபத்தெட்டு நொடி. அதுவும் வயதான கை. வாலிபக் கைக்குப் பதினெட்டு. பதினெட்டு நொடி யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியுமா, முடியும், எல்லாரும் என்னைத்தானே பார்த்தார்கள், முடியும் என்று நாற்பது வருஷம் சொல்லிக்கொண்டது சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது, காயலான் கடைக்குப் போகிறவரை. காயலான் கடையில் முதல் பிளேட்டை வைத்து, முத்திரையில் இருபது, தராசில் இருபத்தொன்று நான்கு என்று பார்த்த அன்றைக்கு உள்ளே ஏதோ ஒன்று சொடுக்கியது, அதை அப்போதே அமுக்கிவிட்டார். முத்திரை சரியாக இருந்தும் எடை பிசகலாம். வேலூரிலும் பட்டறையில் ஊற்றியவைதான். ஒரு பக்கம் கனத்தவை மூன்றும் சேர்ந்துவிட்டால் மூன்று கிலோ. தலைக்கு மேல் மூன்று கிலோ போதும், முழங்கை போக. அப்படியானால் யாரும் எதையும் மாற்றவில்லை. அப்படியானால், என்று தொடங்கிய எண்ணத்தை அவர் முடிக்க விடுவதில்லை, எடைமேடையில் வரிசை மீறி நுழையும் லாரியைக் கைகாட்டிப் பின்னுக்குத் தள்ளுகிற மாதிரி தள்ளிவிடுவார், அது போய் வரிசையின் கடைசியில் நிற்கும், ஆனால் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், திரும்பவும் அதன் முறை வரும். மாற்றவில்லை என்றால் நாற்பது வருஷம் என்னத்தைச் சுமந்தேன். மாற்றினான். மாற்றியிருக்க வேண்டும். ஏகாம்பரம் நூற்றுப் பத்தை எழுப்பி நின்று, மூச்சை விட்டு, இறக்கினான். இறக்கும்போது தசை நீண்டுகொண்டே தாங்கும், தூக்க முடியாத எடையைக்கூட மெல்ல இறக்க முடியும், ஆனால் மறுநாள் உயிர் போகிற வலி அந்த இறக்கத்தால்தான் வரும்.

கடைசி. ஐந்தை எடுத்துவிட்டுப் பத்து. இரண்டு பத்தும் ஒன்பதரை, அப்படி ஓர் இணை கிடைத்தது அதிர்ஷ்டம். பக்கத்துக்கு நாற்பத்தேழரை, ராடோடு நூற்றுப் பதினைந்து, பார்க்கிறவனுக்கு நூற்றிருபது. ஒரு பக்கம் கூடிப்போனால் முதுகு பிடிக்கும், அது நடந்துவிடக் கூடாது என்று இந்த நாலு மாதத்தில் வந்த நாற்பத்தெட்டு நாளும் ஒவ்வொரு பிளேட்டையும் கையில் தூக்கிப் பார்த்துப் பார்த்து மாட்டியிருக்கிறார். உடம்புக்கு ஒரு கீறல் விழக் கூடாது. விழ வேண்டியது வேறு. ஞாயிற்றுக்கிழமைக்கு ஏகாம்பரத்தின் மாப்பிள்ளை வருகிறார், பழைய ஆலை ஆட்கள் வேன் பிடித்து வருகிறார்கள், இருபத்தாறு பேர் என்று ஏகாம்பரம் விரல் விட்டுச் சொன்னான். தணிகாசலம் ஏழு எட்டு நடந்து சுவரோரம் போய் நின்றார். ஏகாம்பரம் உள்ளங்கையில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்துக்கொண்டு குனிந்தான். ராடு தரையை விட்டது, கணைக்காலை உரசிக்கொண்டு ஏறியது, முழங்காலுக்குக் கீழே வந்து மந்தமாயிற்று. அங்கேதான் முன்தொடை தன் வேலையை முடித்துவிட்டு இடுப்பிடம் ஒப்படைக்கும், ஒப்படைக்கிற இடத்தில் எப்போதும் ஒரு தடுமாற்றம் உண்டு. தொடை ஆடியது, கழுத்து நரம்பு கயிறு கயிறாக எழும்பியது, ஒன்று, இரண்டு, நூற்றுப் பதினைந்துக்கே இந்தப் பாடு, மூன்று, இவர் முதுகும் தானாக விறைத்துக்கொண்டிருந்தது, இவர் மூச்சும் நின்றுபோயிருந்தது, நான்கு, ராடு முழங்காலைத் தாண்டியது. நிமிர்ந்துவிட்டான். இன்னும் ஐந்து கிலோ இருந்திருந்தால் இந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை இந்த இடத்தில்தான் முடியும். தணிகாசலத்துக்கு வாய் நிறைய எச்சில் ஊறியது, பசித்தவனுக்கு ஊறுகிற மாதிரி.

ஏகாம்பரம் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினான். சாதிக் தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தான். ராடு இருவருக்கும் நடுவே கிடந்தது. "தணிகா" என்றான். "நாலு மாசமா பாக்கறேன்டா. ஒவ்வொரு பிளேட்டையும் கையில நிறுத்திப் பாத்துட்டுத்தான் மாட்டற. கூடப் பொறந்தவன்கூட எனக்கு இப்பிடிச் செய்யமாட்டான்." ஏகாம்பரம் துண்டை எடுத்தான். "அன்னிக்கு வேலூர்ல நானும் அப்பிடித்தான் மாட்டினேன். கையில நிறுத்திப் பாத்தேன். அந்த இருபது இருபது இல்லடா. கனம் ஜாஸ்தி. அந்தப் பத்தும் அப்பிடித்தான். மேல எழுதியிருந்தது சரிதான், ஆனா கைக்குத் தெரிஞ்சுது." துண்டால் முகத்தைத் துடைத்தான், துடைத்த துண்டை எடுக்காமல் அதற்குள்ளிருந்தே பேசினான். "சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அந்த ஆபீசர் உன் பேரைக் கூப்பிட்டுட்டார்." துண்டை இன்னும் அழுத்திக்கொண்டான். "இல்ல. கூப்பிடறதுக்கு முன்னாடி நேரம் இருந்துது. சொல்லல."

இருபத்தெட்டு நொடியும் பதினெட்டு நொடியும் உதிர்ந்தன. யாரும் லாக்கைக் கழற்றவில்லை, யாரும் பிளேட்டை மாற்றவில்லை, நாற்பது வருஷமாக அவர் மைதானத்தில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் திருட்டுக் கைகள் அங்கே இல்லவே இல்லை. இருந்தது ஒரு வாய். திறந்து மூடிய வாய். இதற்குத்தானா. இவ்வளவு சின்னதற்கா. சின்னதா இது? எந்தத் தராசில் வைப்பது இதை? கையில் நிறுத்தினேன், தெரிந்தது, சொல்லவில்லை. அந்த மூன்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தபோதுதான், வேறொருவர் செருப்பில் கால் நுழைந்து அது அளவாகவும் இருந்துவிட்டால் வருகிற கூச்சம் வந்தது. கையில் நிறுத்தினேன், தெரிந்தது, சொல்லவில்லை. அவன் ஒருமுறை. இவர் நாற்பத்தெட்டு முறை. எண்ணிக்கை என்று வந்துவிட்டால் இவரால் பொய் சொல்ல முடியாது, நாற்பத்தெட்டு ஒன்றைவிட நாற்பத்தேழு அதிகம். இவனை விட நான் அதிகமா. இவனை விடவா. கோபம் அடிவயிற்றில் காற்றைப் பிடித்த மாதிரி திரண்டு மேலே முட்டியது, இந்த ஒன்றிலாவது இவன் கீழே இருக்க வேண்டும், இவன் வாயைத் திறந்து மூடினான், நான் மூடமாட்டேன், அது ஒன்றுதான் மிச்சம், அதையும் விட்டுவிட்டால் இவனுக்கும் எனக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. காலைத் தூக்கி ராடைத் தாண்டினார். ஒரே எட்டு. ஏகாம்பரம் துண்டை இறக்கி, தாண்டிய காலைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான்.

"நீ தூக்கினது நூத்திப் பதினஞ்சு" என்றார் தணிகாசலம். நாற்பது வருஷத்தில் முதல் நீ. "இன்னாடா?" "நூத்தியிருபது இல்ல. பக்கத்துக்கு ரெண்டரை கொறச்சல். எல்லாத்தையும் காயலான் கடையில நிறுத்து வச்சிருக்கேன். நாலு மாசமா தெரிஞ்சுதான் மாட்டினேன்." வெளிப்பக்கத்து பிளேட்டைக் கையால் காட்டினார். "நான் சொல்லிட்டேன்." ஏகாம்பரம் எழுந்து வந்து குனிந்து வெளிப்பக்கத்து பிளேட்டின் முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்தான், தேய்த்தால் வேறு எண் வந்துவிடும் என்பதுபோல. "ஞாயித்துக்கெழமை நான் விழணும்னா?" "ஆமா." "இருபத்தாறு பேர் முன்னாடி." "இருபத்தேழு. உன் மாப்ளையோட அண்ணனையும் நேத்து சேத்த." ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு போல ஒன்று வந்து பாதியில் நின்றது. நிமிர்ந்தான். "சரி. அப்பிடியே இருக்கட்டும், மாத்தாத. நூத்தியிருபதையே வை. விழுந்துட்டுப் போறேன். அதுதான் நியாயம்." முகத்தில் அதற்குள் ஒரு தெளிவு வந்துவிட்டிருந்தது, கோயிலுக்குப் போய்விட்டு வந்தவன் முகம், அதைப் பார்க்கப் பார்க்கத் தணிகாசலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை எடுத்துக்கொண்டான், குவார்ட்டர்ஸை எடுத்துக்கொண்டான், இப்போது விழுவதையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான். மூன்று முறை குனிவான், கூட்டம் கைதட்டும், வயதுக்கு மீறி முயன்றார் பாவம் என்பார்கள், அந்தப் பாவமும் இவனுக்கே, லேசாகி வீட்டுக்குப் போய்த் தூங்குவான். சட்டைப் பையிலிருந்து பாலிதீன் உறையை எடுத்தார். படிவத்தைப் பெஞ்சில் வைத்து, நூற்றிருபதை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் நிதானமாக எழுதினார், நூற்று ஏழரை. "இதான் ஒன் எடை. மொதல் தூக்கு நூத்தி ஏழரை, ரெண்டாவது நூத்திப் பன்னண்டரை, மூணாவது நூத்திப் பதினஞ்சு. மூணும் நீ தூக்கிடுவ. அதுக்கு மேல ஒரு கிராம் ஒன்கிட்ட கெடையாது." ஏகாம்பரம் படிவத்தைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் பார்த்தான். "எல்லார்கிட்டயும் நூத்தியிருபதுன்னு சொல்லி வச்சிருக்கேன்டா. ஏன் கொறஞ்சுதுன்னு கேப்பாங்க. இன்னா சொல்றது?" "நடந்ததைச் சொல்லு. வேலூர்ல இருந்து ஆரம்பிச்சுச் சொல்லு. என்னையும் சேத்துச் சொல்லு" என்றார் தணிகாசலம். "ஞாயித்துக்கெழமை வரைக்கும் நேரம் இருக்கு." பிறகு ராடின் முனையைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனார், ஏழு எட்டு, லாக்கைத் திருகினார், வெளியில் இருந்த பத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்தபடி நிமிர்ந்து, "ஒன்பதரை" என்று இந்தத் தடவை வாய்விட்டுச் சொன்னார்.